எஞ்சின் மாற்றியது உனக்காக இல்லை

தம்பி,

பிந்துலு கம்பெனிக்கு எழுதிய மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டி, "அம்மா, இங்கிலீஷ் சரியா இருக்கா, பாருங்க" என்றாய். பார்த்தேன். இங்கிலீஷ் நன்றாகவே இருக்கிறது. வேலை கொடுத்ததற்கு நன்றி சொல்லியிருக்கிறாய், பணிவாக மறுத்திருக்கிறாய், குடும்பச் சூழ்நிலை என்று காரணம் எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் குடும்பம் என்றால் நீயும் நானும்தான். உன் சூழ்நிலைக்கு நீயே காரணமாக முடியாது, ஆக அது நான். நாற்பத்தொரு வயதில், இன்னும் முட்டி வலிகூட வராத நான், கடல் தாண்டிச் சரவாக்கில் நீ ஆசைப்பட்டு இரண்டு நேர்காணலுக்குப் போய் வாங்கிய ஆலை வேலையை நீயே உதறுவதற்குக் காரணமாகி உட்கார்ந்திருக்கிறேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், அனுப்பிடவா?" என்று கேட்டாய். "ரெண்டு நாள் பொறு" என்றேன். அந்த இரண்டு நாளில்தான் இதை எழுதுகிறேன்.

என் பிறந்தநாள் தேதியைக்கூட யாருக்கும் சொல்லாதவள் நான். அது உனக்குத் தெரியும். இருந்தும் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற நம் குடும்பக் குழுவிலேயே போடப்போகிறேன். அங்கிருந்து அது எங்கே போனாலும் போகட்டும். நான் சொல்லப்போகும் பொய் அத்தனை பேர் முன்னாலும் வளர்ந்தது. உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொன்னால் அது சாகாது.

போன மாதம் உன் பட்டமளிப்பு விருந்தில், மாமா வீட்டு வாசலில் பந்தல் போட்டு, கரோக்கே மைக்கைப் பிடித்து நீ பேசினாய். "எங்கம்மா எனக்காகக் கார் எஞ்சினையே மாத்துனவங்க. எனக்கு இளைப்பு வந்தா ஆஸ்பத்திரிக்கு வேகமா கொண்டுபோகணும்னு. ஞாயித்துக்கிழமைகூட லீவு எடுக்காம ஓவர்டைம் செஞ்சாங்க. இனிமே நான் அவங்கள விட்டு எங்கயும் போகமாட்டேன்." எல்லாரும் கை தட்டினார்கள். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீர் உண்மைதான் தம்பி. நீ சொன்ன கதை உண்மையில்லை. எஞ்சின் மாற்றியது உனக்காக இல்லை. ஓவர்டைமும், பாதிக்குப் பாதி, ஓவர்டைம் இல்லை.

உனக்கு அப்போது ஐந்து வயது. உன் அப்பா தனியாகப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நாம் ரெங்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் ஃபேக்டரியும், உன்னைப் பகலில் பார்த்துக்கொண்ட மாமா வீடும் இப்போது நாம் இருக்கிற குளுவாங்கில். போய் வர மாமா தன் பழைய காரைக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் ரோட்டில் பாதிப் பேர் வைத்திருந்த அதே சின்னக் கார், 850 சிசி, வெள்ளை. "பேரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்மா" என்று சொல்லி, கெரானில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், அவர் பெயரே இருந்தது. ஏர்கான் போட்டால் மேட்டில் ஏறாது. ஏர்கானை அணைத்தால் ஏறும், ஆனால் முனகும். தினமும் காலையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று எங்கிருந்தாவது வந்து முன்னால் சேர்ந்துகொள்ளும். ரெங்கத்திலிருந்து குளுவாங் வரை நான் அதன் பின்னாலேயே போவேன். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும், வெளியே எடுப்பேன், மிதிப்பேன், வண்டி கொஞ்சம் யோசிக்கும், அதற்குள் எதிரே ஒரு வேன் வந்துவிடும். திரும்பவும் லாரியின் பின்னால். பின்சீட்டிலிருந்து நீ குலைகளை எண்ணிக்கொண்டு வருவாய்.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் மாற்றுவதற்காக ஃபோர்மேன் ஆ லியோங்கின் பட்டறையில் காத்திருந்தேன். கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பது என் வழக்கம். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டைக்கூடப் பிரித்துக் கடைசிவரை படிப்பேன். அன்று கிடைத்தது கிரீஸ் படிந்த ஒரு மலாய் கார் பத்திரிகை. அதில் என் வண்டியின் படம். அதே வண்டிக்குள் ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி டர்போ எஞ்சினை எப்படிப் பொருத்துவது என்று நான்கு பக்கம். ஜப்பானில் கழித்துப்போட்ட கார்களின் முன்பாதியை அப்படியே அறுத்துக் கப்பலில் அனுப்புவார்கள், இங்கே அதை ஹாஃப் கட் என்பார்கள், அதிலிருந்து எஞ்சினைக் கழற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் இருந்தது. இரண்டு முறை படித்தேன். ஆ லியோங் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த சீனர். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"இது செய்வீங்களா?" என்று பக்கத்தைக் காட்டினேன்.

"இது பசங்க கேக்குற சாமான், தங்கச்சி. வீட்டுக்காரர் கேட்டாரா?"

"வீட்டுக்காரர் இல்ல. நான்தான் கேக்குறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே நின்ற தன் சொந்த வண்டியைக் காட்டினார். என்னுடையது மாதிரியே ஒன்று. "ஏறு. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

செம்பனைத் தோட்டத்து நேர் ரோட்டில் மூன்றாவது கியரில் அவர் மிதித்தபோது என் முதுகு சீட்டில் போய் ஒட்டியது. நான் சிரித்தேன், வாய்விட்டு, நிறுத்த முடியாமல். அதற்கு முன் எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, இருபத்துமூன்றில் தனியாகி நின்ற எனக்கு அப்போது வயது இருபத்துநான்கு. என்னோடு பேசுகிற எல்லாரும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே பேசிய காலம் அது. கோயிலில், பசாரில், ஃபேக்டரி கேன்டீனில் எல்லாரும் அப்படித்தான். அவர்கள் அன்பானவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ரோட்டில் அரை நிமிடம் யாருமே என்னைப் பாவம் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

இப்படி மாற்றினால் சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, கெரானில் புது எஞ்சின் எண்ணை ஏற்ற வேண்டும். "சும்மா ஓட்டலாம்னு எவனாவது சொல்வான், கேக்காத. மோதினா இன்சூரன்ஸ் ஒண்ணும் தராது" என்றார் ஆ லியோங். அப்படி எழுதிக்கொடுக்க வண்டிக்காரர் கையெழுத்து வேண்டும். வண்டிக்காரர் உன் மாமா, ஒரு பல்பு மாற்றவும் மூன்று கடையில் விலை கேட்கிற மனிதர்.

மாமா கேட்டார். "இருக்கிறது 850. அத எடுத்துட்டு 660 போடப்போறியா? இருக்கிறதவிடச் சின்னது? ஆ லியோங் உன் தலைல நல்லா மொளகா அரைக்கிறான்மா."

"அது டர்போ, அண்ணே. அளவு சின்னது, இழுவை ஜாஸ்தி."

"இழுத்துக்கிட்டு எங்க போகப்போற?"

எங்கேயும் இல்லை, சும்மா ஓட்டத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிற பெண் சும்மா எங்கேயும் போகக்கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து, தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நீ இருமினாய். பிஸ்கட் தூள் தொண்டையில் பட்ட இருமல். அந்த வருடம் ஊரையே மூடிய புகைமூட்டத்தின்போது உனக்கு இரண்டு முறை நெஞ்சில் விசில் சத்தம் கேட்டதும், மருந்து குடித்து மூன்றாம் நாள் சரியானதும் உண்மை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பிக்கு திடீர்னு இளைப்பு வந்தா, ரெங்கத்துலருந்து ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டில எப்பண்ணே போய்ச் சேருறது?"

மாமா தேநீரைக்கூட முடிக்கவில்லை. பேனாவைத் தேடி எழுந்துவிட்டார்.

அந்த ஒரு வரிக்கு நான் எந்த விலையும் கொடுக்கவில்லை. கொடுத்தவன் நீ. மறுவாரமே மாமா, எங்கோ கேட்டு வந்து, உனக்கு ஐஸ் கூடாது என்றார். குளிர்ந்தது எதுவும் கூடாது, மழையில் ஓடக்கூடாது, பந்து விளையாடக்கூடாது. அத்தை வாரம் ஒருமுறை ஆட்டுக்கால் சூப்பைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் ஓடினார். மாமா தினமும் ஏழு மணிக்குப் போன் போட்டு, "மூச்சு எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்குண்ணே" என்று சொன்னால், "எஞ்சின் வந்துருச்சுன்னா பயமில்ல" என்பார். இரண்டரை வருடம் நீ ஐஸ் கச்சாங் சாப்பிடவில்லை. ஒருநாள் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், அந்தக் கடைக்காரர் ஐஸைச் சீவிச் சிவப்புப் பாகை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வாங்கித் தரட்டுமா என்று நான் குனிவதற்குள், "வேணாம்மா, எனக்கு இளைப்பு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாய். அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதற்கு மட்டும் நான் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க முடியாது. நேராகவே கேட்கிறேன், மன்னித்துவிடு.

எஞ்சின் வந்தது, ஏறியது. ஆ லியோங் பிடிவாதமாக முன்பிரேக்கையும் ரேடியேட்டரையும் சேர்த்து மாற்றினார். பரிசோதனையில் தேறி, கெரானும் கைக்கு வந்தது. பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்று மாமா சொன்னதால் ரெங்கம் கோயிலுக்குக் கொண்டுபோனோம். உனக்கு அது நினைவிருக்கலாம், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நீதான்.

ஐயர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "போன வருஷம்தானே இதுக்குப் போட்டோம்? வண்டி புதுசா?"

"வண்டி பழசுதான் சாமி. எஞ்சின் புதுசு" என்றார் மாமா.

"புது எஞ்சினா? கம்பெனிலருந்தா?"

"இல்ல சாமி, அதுவும் பழசு. ஜப்பான்ல ஓடுனது."

ஐயர் விரலை மடக்கி எண்ணினார். "பழைய வண்டி, பழைய எஞ்சின். அப்ப எதுக்குய்யா பூஜை?"

"ரெண்டும் இப்பத்தானே சாமி ஒண்ணா சேருது" என்றார் மாமா. ஐயருக்கு அது நியாயமாகப் பட்டது. பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்கே சந்தனம் வைத்தார். அது சூடாக இருந்ததால் விரலைச் சுட்டுக்கொண்டார். பிறகு நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். நீ ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டதால் நான்காவது பழத்துக்காக எல்லாரும் தேடினோம்.

அடுத்த திங்கட்கிழமை காலை அந்த லாரியை முந்தினேன். வெளியே எடுத்தேன், மிதித்தேன், வண்டி யோசிக்கவில்லை. முந்தி முடித்த பிறகும் கால் எடுக்க மனம் வரவில்லை. பின்சீட்டில் நீ, "அம்மா, எண்ணவே விடல" என்று கோபித்துக்கொண்டாய்.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஃபேக்டரியில் உண்மையாகவே ஓவர்டைம் இருக்கும், போவேன். மற்ற இரண்டில் இருக்காது. அப்போதும் காலை ஏழு மணிக்கு ஃபேக்டரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உன்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு, நேரே நெடுஞ்சாலைக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸ். அங்கே எனக்கு யாரையும் தெரியாது, அதுதான் வசதி. ரோட்டோரக் கடையில் அன்னாசித் துண்டுகளை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, மர நிழலில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் கொண்டுபோன புத்தகத்தைப் படிப்பேன். மதியத்துக்குப் பிறகு திரும்புவேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சில மணி நேரம் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான். வரும்போது உனக்கு ஒரு பழம் வாங்கி வருவேன். "கம்பெனில குடுத்தாங்க" என்பேன். "எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில எதுக்குமா அன்னாசி குடுக்குறான்?" என்று மாமா ஒருமுறை கேட்டார். "முதலாளிக்குத் தோட்டம் இருக்காம்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

அப்புறம் ஒரு ஞாயிறு உனக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. என் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. மாமா ஃபேக்டரிக்கே அடித்தார். காவலாளி, "இன்னிக்கு லைன் ஓடலியே" என்று சொல்லிவிட்டார். எனக்கு இது எதுவும் தெரியாது. மூன்று மணிக்கு, கையில் இரண்டு அன்னாசியோடு வந்து இறங்கினேன். மாமா கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பையனுக்குக் காய்ச்சல். மருந்து குடுத்துத் தூங்குறான். இப்ப பரவால்ல." என் ஃபேக்டரிச் சட்டையைப் பார்த்தார். "இன்னிக்கு லைன் ஓடலையாமே."

நான் பழத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் நின்றேன்.

"யாரு கூடயாவது போனியா?"

"இல்லண்ணே. தனியாத்தான். பெக்கான் நானாஸ்."

"எதுக்கு?"

"சும்மா. ஓட்டுறதுக்கு."

கத்துவார் என்று நினைத்தேன். மாமா வண்டியைப் பார்த்தார். சூடு ஆறும்போது எஞ்சினிலிருந்து சின்னச் சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் கேட்டார்.

"எவ்வளவு போகும்?"

"நூத்திப் பத்து." அதுவும் பொய். நூற்று முப்பது.

"அலமாக்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லாத. ஓவர்டைம்னே இருக்கட்டும். இங்க இருக்கிறவங்க வாய் உனக்குத் தெரியும்லா. ஆனா அடுத்த தடவ சார்ஜ் போட்டுட்டுப் போ. பையனுக்கு ஒண்ணுன்னா நான் காவலாளிகிட்டயா பேசிட்டு இருப்பேன்?"

அன்றிலிருந்து என் ஓவர்டைமை என்னைவிட அதிகமாகப் பேசியவர் மாமாதான். கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்வார். என் பெயரைக் காப்பாற்றத்தான் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை பெரிதாகி, நான் தூங்காமல் உழைத்தவளாகி, உன் மூச்சைக் காப்பாற்றியவளாகி, கடைசியில் பந்தலில் உன் கையில் மைக்காக வந்து நின்றது. நீ பேசும்போது நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தட்டில் இருந்த அப்பளத்தை ரொம்பக் கவனமாக உடைத்துக்கொண்டிருந்தார்.

உனக்காக நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. நிறையச் செய்தேன். ஞாயிறு சாயங்காலம் உன் பள்ளிக் காலணிக்கு வெள்ளை பூசியிருக்கிறேன், உன் கணக்குப் பாடத்தை நானே முதலில் படித்துப் புரிந்துகொண்டு உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீ பரீட்சையில் தோற்ற வருடம் உன்னைவிட அதிகமாக நடித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று. அதற்கெல்லாம் நீ நன்றி சொன்னால் வாங்கிக்கொள்வேன். ஆனால் மைக்கில் நீ சொன்ன நன்றி வேறு யாருக்கோ வர வேண்டிய பார்சல். என் பெயர் எழுதியிருந்ததால் பிரித்துவிட்டேன். இப்போது திருப்பித் தருகிறேன்.

நீ வளர்ந்த வருடங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை உன்னால் நம்ப முடிகிறதா? உன் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அம்மா கஷ்டப்பட்டாள் என்று சொன்னால் உடனே புரிகிறது. அம்மா சந்தோஷமாக இருந்தாள் என்றால், எப்போது, எதற்கு என்று கேட்கிறீர்கள். எனக்கு உன்னைப் பிடித்திருந்தது, என் வேலை பரவாயில்லை, படிக்கப் புத்தகம் இருந்தது, மாதம் இரண்டு ஞாயிறு நெடுஞ்சாலையில் என் கால் சொன்னபடி கேட்கிற ஒரு எஞ்சின் இருந்தது. இதில் நீ அடைக்க வேண்டிய குறை எங்கே இருக்கிறது? நான் பாவம் என்று நினைத்து நீ குளுவாங்கில் தங்கினால், அந்தக் காலத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னோடு பேசியவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நீயும் வந்து நிற்கிறாய். அவர்கள் செய்தபோது எனக்கு வலிக்கவில்லை. நீ செய்தால் வலிக்கும்.

குளுவாங் பிடித்திருக்கிறது, இங்கே இருக்கவே ஆசை என்றால் தாராளமாக இரு. அந்த ஆலை வேலை வேண்டாம் என்று உன் மனமே சொன்னால், மறுத்துவிடு, மறுபேச்சு பேசமாட்டேன். பிந்துலு என்ற பெயரைச் சொல்லும்போது உன் முகம் எப்படி மாறுகிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் முடிவு உன்னுடையது. காரணமும் உன்னுடையதாக இருக்கட்டும், என்னை அதில் இழுக்காதே. போனால் நான் அழமாட்டேன் என்று நினைக்காதே, விமான நிலையத்தில் அசிங்கமாக அழுவேன். அழுகிறவளைப் பார்த்துவிட்டு விமானத்தில் ஏறுவதும் வளர்ந்த பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான்.

நேற்று மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டி அனுமதி கேட்டேன். அவர் நடுவில் இரண்டு முறை சிரித்தார், ஒருமுறை கண்ணாடியைக் கழற்றினார். "எழுதுலா. அந்த ஐஸ் கச்சாங்கையும் எழுது, பாவம், நிறுத்துனவன் நான்தான்" என்றார். பிறகு வாசல்வரை வந்து, "நூத்தி முப்பதா?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாது. நான் ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். ஆயர் ஹித்தாமில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் நின்றது. பச்சை நிறம், நான்கு கதவு, உன்னைவிட ஏழு வயது மூத்தது. எஞ்சின் முடிந்துபோயிற்று, ஆனால் உடம்பில் துரு இல்லை. இதற்குப் பொருத்தமான 1800 சிசி எஞ்சின் ஒன்றை ஆ லியோங் பார்த்து வைத்திருக்கிறார். "தங்கச்சி, இந்த வயசுலயா?" என்றார். "நீங்க இந்த வயசுல ஸ்பேனர் புடிக்கலையா?" என்றேன். ஒரு மாத வேலை. நம் வீட்டுப் போர்ச்சில் நிறுத்தித்தான் செய்ய வேண்டும், அவர் பட்டறையில் இடமில்லை. என் கார் நிற்கிற இடம் போக, மிச்சத்தை உன் மோட்டார் சைக்கிளும், உன் உடைந்த டிரெட்மில்லும், நீ பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்து இன்னும் பிரிக்காத ஆறு பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை நீ அவர்களுக்கு என்ன பதில் வேண்டுமானாலும் அனுப்பு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆ லியோங் வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறார். அதற்குள் போர்ச்சைக் காலி செய்துவிடு.

அம்மா